மூணு அடுக்குத் தட்டும் எங்க அப்பாயியும்

ஆபீஸ் வேலையா மூணு மாசம் லண்டன்ல குப்பை கொட்டிட்டு வந்தேன். கடைசி வாரம் தங்கமணியும் வந்து சேர்ந்தாங்க. "லண்டன் வரைக்கும் வந்துட்டு ஆஃப்டர்நூன் டீ குடிக்காம போறதா?"ன்னு ஒரே பிடிவாதம். சரின்னு ஒரு பெரிய ஹோட்டல்ல சனிக்கிழமை மூணரை மணிக்கு இடம் பிடிச்சோம். ஆளுக்கு 65 பவுண்டு. "ரூபாய்க்கு மாத்திப் பார்க்கக் கூடாது"ன்னு முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. நான் மாத்திப் பார்த்தேன் :-)

மூணு அடுக்கு வெச்ச வெள்ளித் தட்டு வந்தது. கீழ் அடுக்குல ஓரம் வெட்டின குட்டிக் குட்டி சாண்ட்விச், வெள்ளரிக்கா, முட்டை, மீன்னு. நடுவுல ஸ்கோன், பக்கத்துல கெட்டி க்ரீமும் ஜாமும். மேல கேக் வகையறா. கீழிருந்து மேல போறதுதான் முறையாம். ஒரு பக்கம் பியானோ. சாப்பாட்டுக்கு முன்னாடி டீக்குன்னே தனியா ஒரு பட்டியல் கொடுத்தாங்க. அதுல ஒரு வரியில என் கண்ணு நின்னுடுச்சு: 'டிம்புலா, இலங்கை'.

ஏன் நின்னுச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சது பெட்ஃபோர்டு சீமாட்டி ஆனா மரியான்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்டுல மதியம் லேசா ஏதாவது கொறிப்பாங்க, ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்குத்தான். நடுவுல வயிறு கூவுமா கூவாதா? சீமாட்டி தன் அறைக்கே டீயும் ரொட்டியும் வரவழைச்சு, கூட நாலு தோழிகளையும் கூப்பிட்டுக்கிட்டாங்க. 1842-ல் பெல்வார் கோட்டையில விருந்தாளியா இருந்த நடிகை ஃபேனி கெம்பிள், சீமாட்டி அறைக்கு ரகசியமா அழைப்பு வந்ததையும், உள்ளே போனா பெண்கள் எல்லாம் சொந்தக் கெட்டிலில் டீ போட்டுக்கிட்டு இருந்ததையும் பின்னாளில் எழுதி வெச்சிருக்காங்க. ஆக, ஆரம்பத்துல இது கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்ச டீ!

கதவைத் திறந்தது டீக்கடைதான். அப்போ லண்டன்ல ஒரு கௌரவமான பெண் ஆண் துணை இல்லாம உணவகத்துல போய் உட்கார்ந்தா ஊர் வாய்க்கு அவல். 1864-ல் ஏரேட்டட் பிரெட் கம்பெனின்னு ஒரு ரொட்டி நிறுவனம் டீக்கடை திறந்தது. 1894-ல் பிக்கடில்லியில லயன்ஸ் டீக்கடை வந்தது. சாராயம் இல்லை, சுத்தமான மேசை, கட்டுப்படியாகும் விலை. தட்டச்சு வேலைக்குப் போற பொண்ணு தனியா வந்து, உட்கார்ந்து, ஒரு கோப்பை குடிச்சுட்டு யாருக்கும் பதில் சொல்லாம எழுந்து போகலாம். இது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்காங்கன்னு யோசிச்சா புரியும். வாக்குரிமைக்குப் போராடின பெண்கள் கூடிப் பேசினதும் இந்த மாதிரி டீக்கடைகள்லதான். எல்லாருக்கும் சமமான ஓட்டு 1928-லதான் கிடைச்சது.

(இதுல நம்ம ஐ.டி. மக்களுக்கு ஒரு துணுக்கு. கடைகளோட கணக்கு வழக்கைச் சமாளிக்க முடியாம லயன்ஸ் கம்பெனி தானே ஒரு கம்ப்யூட்டர் செஞ்சது. பேரு லியோ. 1951-ல் ரொட்டி, கேக் கணக்குப் போட்ட அதுதான் உலகத்துலயே முதன்முதலா வியாபார வேலைக்கு ஓடின கம்ப்யூட்டர்னு சொல்றாங்க. நாம இன்னிக்குப் பிடுங்கற ஆணிக்கெல்லாம் மூலம் ஒரு டீக்கடை :-))

பெரிய ஹோட்டல்கள் சும்மா இருக்குமா? 1865-ல் லாங்கம், 1889-ல் சவாய், 1906-ல் ரிட்ஸ்னு வரிசையா வந்தது. பனைத் தொட்டிகள் வெச்ச 'பாம் கோர்ட்'டுல சாயங்கால டீ குடிக்கிறது பெரிய அந்தஸ்து ஆச்சு. 1913 வாக்குல டேங்கோ நடனத்தோட சேர்த்து 'டேங்கோ டீ'ன்னு ஹோட்டல்கள்ல ஒரே கலாட்டா.

இன்னிக்கு நம்ம ஊர் நட்சத்திர ஹோட்டல்கள்ல ஞாயித்துக்கிழமை 'பிரஞ்ச்'னு அடிக்கிற கூத்துக்கும் வயசு அதிகம்தான். 1895-ல் கை பெரிங்கர்னு ஒரு ஆங்கிலேயர் பத்திரிகையில எழுதின கட்டுரையிலதான் அந்தச் சொல் முதல்ல அச்சேறுச்சு. சனிக்கிழமை ராத்திரி கூத்தடிச்சவன் ஞாயித்துக்கிழமை தாமதமா எழுந்து காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒண்ணாச் சாப்பிடட்டுமேன்னு அவர் வாதம். ரொம்ப நியாயமான மனுஷன்.

சரி, டைப்பிஸ்ட் பொண்ணு குடிக்கிற அளவுக்கு டீ எப்படி விலை இறங்குச்சு? அங்கதான் நம்ம ஆளுங்க வர்றாங்க.

முதல்ல டீ முழுக்க சீனாவிலிருந்துதான் வந்தது. 1839-ல் அஸ்ஸாம் தேயிலை முதன்முதலா லண்டன்ல ஏலத்துக்கு வந்தது. இலங்கையில அப்போ காப்பித் தோட்டங்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டார். 1869-ல் காப்பி இலையில துரு நோய் வந்து, அடுத்த சில வருஷங்கள்ல காப்பியே அழிஞ்சு போக, மலை முழுக்கத் தேயிலை ஆச்சு. 1890-ல் தாமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கி, நடுவுல தரகர் இல்லாம நேரா விக்கிறேன்னு விலையைக் குறைச்சார். தரகர் போனது சரி, கொழுந்து பறிச்ச கைக்குக் கொடுத்த கூலி எவ்வளவு குறைச்சல்ங்கிறதை அந்த விளம்பரம் சொல்லல.

அந்தக் கை தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்துக் கிராமங்கள்லேர்ந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து கங்காணி பின்னாடி போனவங்களோட கை. மன்னார்லேர்ந்து காட்டு வழியா நடந்தே மலையேறினாங்க. காப்பிக் காலத்துல காலராவுலயும் பசியிலயும் வழியிலேயே செத்தவங்க எத்தனையோ பேர். 1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்து, இவங்கள்ல பெரும்பாலானவங்க நாடற்றவங்களா ஆனாங்க. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 9,75,000 பேரைப் பங்கு பிரிச்சாங்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கலாம்!

அந்த 5,25,000-த்துல ஒரு தலை எங்க அப்பாயி.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துல லயத்துல பொறந்தாங்க. அந்த வட்டாரம்தான் டிம்புலா. 1972-ல் தாத்தா, எங்க அப்பா, ரெண்டு தகரப்பெட்டியோட தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினாங்க. 'தாயகம் திரும்பியோர்'னு அரசாங்கத் தாள்ல எழுதியிருக்கும். அப்பாயி அதுக்கு முன்னாடி அந்தத் தாயகத்தைப் பார்த்ததே இல்லை. நீலகிரியில பந்தலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துலதான் வேலை. கூடைதான் மாறுச்சு.

அப்பாயி டீயை 'சாயத்தண்ணி'ன்னுதான் சொல்லும். பால் கிடையாது. உள்ளங்கையில கொஞ்சம் சீனி, அதை நக்கிக்கிட்டே சாயத்தண்ணி. நல்ல தூள் எல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போயிடும், தோட்டத்துல கிடைச்சது கடைசித் தூசிதான். நான் பார்த்த வரைக்கும் அப்பாயி உட்கார்ந்து டீ குடிச்சதே இல்லை. அடுப்படியில நின்னுக்கிட்டே மடக்குன்னு குடிச்சுட்டுக் கிளம்பிடும். "உட்காரு அப்பாயி"ன்னா, "பிரட்டுக்கு நேரமாச்சுய்யா, அரைப்பேரு போட்டுருவான்"னு சொல்லும். லேட்டாப் போனா பாதிக் கூலிதான்னு அர்த்தம். வேலையை விட்டு நின்ன பிறகும் அந்த நினைப்பு மட்டும் போகல.

ஹோட்டல்ல நான் டிம்புலா டீதான் கேட்டேன். பீங்கான் பாட்டில்ல வந்தது. பொன் நிறம், நல்ல வாசனை. சாயத்தண்ணி மாதிரி தொண்டையைப் பிடிக்கவே இல்லை. "எப்படி இருக்கு?"ன்னு தங்கமணி கேட்டாங்க. எனக்கு உடனே பதில் வரல. ரெண்டாவது கோப்பையை ரொம்ப மெதுவாக் குடிச்சேன்.

பட்டியலைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். விலையைப் பார்த்துத் திட்டுவார்னு நினைச்சேன். ராத்திரி போன் பண்ணினார்.

"உங்க அப்பாயி பறிச்ச மலைதான்டா அது. உட்கார்ந்து குடிச்சியா?"

"ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து குடிச்சேம்ப்பா."

"ம்... சரி"ன்னு வெச்சுட்டார்.

டிஸ்கி: நம்ம ஊர் ஹோட்டல்காரங்க இதை 'ஹை டீ'ன்னு போடுறாங்க. 'ஹை'ன்னா உசத்தின்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல ஹை டீங்கிறது, ஆலை வேலை முடிஞ்சு வந்த தொழிலாளி சாப்பாட்டு மேசையில கறி, ரொட்டியோட குடிச்ச சாயங்கால டீ. அப்படிப் பார்த்தா எங்க அப்பாயிக்குத்தான் அந்தப் பேர் பொருத்தம். என்ன, மேசைதான் கிடைக்கல.