இரைச்சலில் பேச்சு: வாய்க்கும் கருவிக்கும் இடையே ஒரு வரலாறு

துறைமுகத்தில் பாரந்தூக்கி இயங்கும் இடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன? என்ன?" என்கிறார். பேசியவர் கடைக்குச் சென்று, கம்பியில்லாத ஹெட்செட் ஒன்றைத் தேடுகிறார். ஒன்றைக் காதில் மாட்டியதும் கடைத்தெருவின் சந்தடி அடங்குகிறது. பாட்டு இனிமையாகக் கேட்கிறது. மனநிறைவோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். மறுநாள் வேலைத்தலத்திலிருந்து பேசும்போது, எதிர்முனையில் மீண்டும் அதே "என்ன? என்ன?" தான்.

பிழை எங்கே நேர்ந்தது? அவர் சோதித்தது தம் காதை. குறை இருந்ததோ வாயின் பக்கத்தில். இரைச்சல் நம் காதுக்குள் நுழையாமல் தடுப்பது ஒரு வேலை. நம் சொல்லோடு இரைச்சல் கலந்து அடுத்தவர் காதுக்குப் போகாமல் தடுப்பது மற்றொரு வேலை. இவை இரண்டும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளால் வளர்ந்தவை. அவ்வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால் கடையில் ஏமாறாமல் இருக்கலாம்.

காதுக்கு வந்த கருவி

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமை பெற்றது 1876 ஆம் ஆண்டில். அதன் பின்னர் நெடுங்காலம், கேட்கும் கருவியை ஒரு கையால் காதில் பிடித்துக்கொள்வதே வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் என்பார், தம் வீட்டுச் சமையலறையிலேயே தலையில் அணியும் கேட்கருவிகளைச் செய்து, 1910 இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலியைக் கேட்கவேண்டிய கப்பல் பணியாளருக்கு அது பெருந்துணையாயிற்று. இரு கைகளும் விடுதலை பெற்றன.

ஆகாய விமானத்தில் நிலைமை வேறு. கேட்பவர் மட்டுமன்றிப் பேசுபவரும் இயந்திரத்தின் பேரிரைச்சலுக்கு நடுவே அமர்ந்திருந்தார். 1917 இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகரில் விமானப் பயிற்சிப் பள்ளி நடத்திய ராபர்ட் ஸ்மித்-பாரி, ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் காதுக்கு ஒரு குழாயையே அமைத்தார். அதில் மின்சாரம் இல்லை, கம்பியும் இல்லை. ஆயினும் ஓர் உண்மையை அக்குழாய் கற்பித்தது. பேச்சு வெளியே பரவி இரைச்சலில் கரைவதற்கு முன், வாயருகிலேயே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

தொண்டையில் பிறவாத எழுத்துகள்

பொறியாளர் சிலர் வேறொரு வழியை நாடினர். இரைச்சல் காற்றில் வருகிறது. பேசும்போது தொண்டை அதிர்கிறது. ஆகவே காற்றை விட்டுவிட்டுத் தொண்டையின் அதிர்வையே எடுத்துக்கொண்டால் என்ன? இவ்வாறு பிறந்ததே கழுத்தில் கட்டும் ஒலிவாங்கி. இரண்டாம் உலகப்போரில் செருமானியக் கவசவண்டி வீரர்களும், டி-30 என்ற கருவியை அணிந்த அமெரிக்க விமானப் படையினரும் இதைப் பயன்படுத்தினர். இரைச்சல் பெரிதும் குறைந்தது. ஆனால் சொற்கள் தெளிவாக விளங்கவில்லை.

காரணத்தைத் தமிழறிந்தார் எளிதில் உணர்வர். எழுத்துகளின் பிறப்பை விளக்கும் தொல்காப்பியப் பிறப்பியல், காற்று தங்கும் இடங்களாக நெஞ்சு, கழுத்து, தலை ஆகியவற்றைச் சொல்வதோடு நிற்கவில்லை. நாக்கு, அண்ணம், பல், உதடு, மூக்கு ஆகியவற்றின் தொழிலையும் எடுத்துரைக்கிறது. தொண்டையில் கட்டிய கருவிக்கு உயிரெழுத்தின் முழக்கம் கிட்டும். பல்லிலும் உதட்டிலும் நுனிநாவிலும் பிறக்கும் மெய்யெழுத்துகள் சரிவரக் கிட்டா. 'கட்டு', 'தட்டு', 'பட்டு' என்ற மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். வேற்றுமை முதலில் நிற்கும் வல்லின மெய் ஒன்றில்தான் இருக்கிறது. பேச்சின் வலிமையில் பெரும்பங்கு உயிரெழுத்துகளுக்கு. பொருளை வேறுபடுத்தும் பணியில் பெரும்பங்கு மெய்யெழுத்துகளுக்கு. இரைச்சல் முதலில் விழுங்குவதும் வலிமை குறைந்த அந்த மெய்களையே. பாரந்தூக்கியின் அடியில் நிற்பவனுக்குக் 'கட்டு' என்பது 'தட்டு' என்று கேட்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உதட்டருகே கிடைத்த விடை

சரியான விடை உதட்டருகே இருந்தது. பி.பி.சி. வானொலி நிலையம் 1937 இல், மேலுதட்டைத் தொடுமாறு பிடித்துக்கொண்டு பேசும் ஒலிவாங்கி ஒன்றை உருவாக்கியது. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே விளையாட்டு வருணனை செய்வோர்க்கு அது ஏற்றதாயிற்று. அமெரிக்கப் படையினர் போரின் பிற்பகுதியில் பயன்படுத்திய டி-45 என்ற உதட்டு ஒலிவாங்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இதன் தத்துவம் எளியது. ஒலியை உணரும் தகட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் திறந்திருக்கும். தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரு பக்கத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குவதால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அருகிலுள்ள வாயின் ஒலியோ ஒரு பக்கத்தையே மிகுதியாகத் தாக்கும். அது மட்டும் மிஞ்சும்.

தொலைவின் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால், பேச்சின் ஒலியழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகும். 16 சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் எட்டு மடங்கு, அதாவது சுமார் 18 டெசிபெல், ஆதாயம் கிட்டும். சுற்றுப்புற இரைச்சலோ இரண்டு இடங்களிலும் ஒன்றே.

எந்தக் கருவி சிறந்தது என்பதைத் தீர்மானிக்கும் முறையும் அக்காலத்தில்தான் செம்மையுற்றது. 1940 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் தலைமையில் ஓர் ஒலி ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. ஒருவர் செயற்கை இரைச்சலில் சொற்பட்டியலைப் படிப்பார். மற்றவர்கள் தம் காதில் விழுந்ததை எழுதுவார்கள். நூற்றுக்கு எத்தனை சொல் சரி என்பதே கருவிக்குரிய மதிப்பெண்.

காதின் அமைதி

கேட்பவருடைய காதை அமைதிப்படுத்தும் கலை தனியே வளர்ந்தது. ஓர் ஒலியலைக்கு நேர்மாறான அலையை எழுப்பி அதை அழிக்கலாம் என்ற கருத்துக்கு, செருமானியரான பவுல் லூக் 1936 இல் அமெரிக்க உரிமை பெற்றார். நெடுநாள் ஏட்டளவில் இருந்த அக்கருத்தை, வங்காளியான தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸ், 1978 இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற விமானப் பயணத்தின்போது தலையணிக் கருவிக்கு ஏற்றதாகச் சிந்தித்தார். 1986 இல் எரிபொருள் நிரப்பாமலே உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தின் விமானிகள் இருவரும் அதன் மாதிரிகளை அணிந்திருந்தனர். 1989 இல் அது விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. தாழ்ந்த சுருதியில் இடைவிடாது ஒலிக்கும் இயந்திர முழக்கத்தை இம்முறை நன்கு அடக்கும். ஆனால் அது அடக்குவது அணிந்தவரின் காதில் விழும் முழக்கத்தை மட்டுமே என்பதை மறத்தலாகாது.

கம்பி நீங்கியபோது இழந்தது

சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் 1994 இல் குறுந்தொலைவு வானொலி இணைப்பு ஒன்றை ஆராயத் தொடங்கியது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனின் பட்டப்பெயரான புளூடூத் என்பதே அதற்குப் பெயராயிற்று. 1998 இல் ஐந்து நிறுவனங்கள் கூடி அதைப் பொதுமுறை ஆக்கின. கம்பி நீங்கியது, கருவி சிறுத்தது. அழகுக்காக வாயருகே நீண்டிருந்த தண்டும் பல கருவிகளில் மறைந்தது. ஒலிவாங்கி காதோரம் ஏறிக்கொண்டது. உதட்டருகே நின்று பெற்ற ஆதாயத்தில் பெரும்பகுதி இவ்வாறு கைவிடப்பட்டது.

இழந்ததை ஈடுசெய்ய இரண்டு மூன்று ஒலிவாங்கிகளை வைத்து, கணக்கீட்டின் மூலம் இரைச்சலைப் பிரிக்கிறார்கள். ஒரே சீரான முழக்கத்தை இக்கணக்கு நன்றாகவே நீக்குகிறது. பக்கத்தில் நிற்பவரின் பேச்சையும் திடீர்ச் சம்மட்டியடியையும் பிரிப்பது அதற்குக் கடினம். மேலும், பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 வரையான அதிர்வெண்களை மட்டுமே கொண்டுசென்றது. ஸகரம் போன்ற உரசொலிகளின் வலிமையில் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு அப்பால் இருக்கிறது. 2011 இல் புளூடூத் முறையில் அகன்ற வழி சேர்க்கப்பட்டது. ஆயினும் வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் அதற்கு இசைந்தால்தான் பயன்.

எதை வாங்குவது?

இவ்வரலாறு தரும் அறிவுரை இதுதான். இரைச்சலில் பேச வேண்டியவர் முதலில் பார்க்க வேண்டியது, ஒலிவாங்கி வாயருகே வருமளவுக்குத் தண்டு நீண்டிருக்கிறதா என்பதையே. காற்றடிக்கும் இடமாயின் ஒலிவாங்கிக்கு நுரையுறை தேவை. காதின் அமைதியை அதன் பின்னர்ப் பார்க்கலாம். வண்டிகளின் எச்சரிக்கை ஒலியைக் கேட்டாக வேண்டிய இடத்தில் இரு காதையும் மூடுவது ஆபத்தாகலாம்.

இன்னுமொன்று. மலேசியாவின் 2019 ஆம் ஆண்டு விதிகளும் சிங்கப்பூரின் 2011 ஆம் ஆண்டு விதிகளும், 8 மணி நேர வேலைநாளுக்குச் சராசரி 85 டெசிபெல் என்று இரைச்சலுக்கு எல்லை வகுத்துள்ளன. அவ்வெல்லையை மீறும் இடத்தில், பேசுவதற்காக வாங்கிய கருவியைச் செவிக்காப்பு என்று நம்பிவிடக் கூடாது. அதற்கெனச் சோதித்துச் சான்று பெற்ற கருவியே வேண்டும்.

வாங்கிய பின், ஹார்வர்டு அறிஞர் செய்ததை நாமும் செய்யலாம். 'கட்டு, பத்து, தட்டு, பட்டு, கத்து' என்பன போன்ற இருபது சொற்களைத் தாளில் எழுதுங்கள். வேலை செய்யும் இடத்திலேயே நின்று, நண்பரை அழைத்துப் படியுங்கள். அவர் தம் காதில் விழுந்ததை எழுதட்டும். பதினெட்டு சரியானால் கருவியை வைத்துக்கொள்ளலாம். பத்துக்கும் குறைந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதே நன்று. இந்தக் கருவிக்கு மதிப்பெண் இடத் தக்கவர் அதை அணிந்தவர் அல்லர், எதிர்முனையில் கேட்பவரே.