நிழலும் சங்கிலியும்

மாமல்லபுரத்தின் அட்சரேகை ஏறத்தாழ 12 பாகை 37 கலை (கோண நிமிடம்). அட்சம் என்றால் அச்சு. வானம் சுழலும் அச்சின் முனையான துருவம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயர்ந்து தெரிகிறதோ, அதுவே ஊரின் அட்சம். அதையே குறிக்கும் பள்ளிக்கூடத்து ‘அகலாங்கு’ வந்த வழி வேறு. தாமறிந்த உலகைக் கிழக்கு மேற்காக நீட்டி வரைந்த கிரேக்கர்கள், வடக்கு தெற்கை அகலம் என்றார்கள்.

பழைய சோதிடக் கணிதருக்குக் கருவி, சமதரையில் நட்ட 12 விரல் உயரச் சங்கு என்னும் செங்குத்துக் குச்சி. இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20ஐ ஒட்டி, உச்சிவேளையில் அதன் நிழல் மாமல்லபுரத்தில் ஏறக்குறைய 2.7 விரல். சென்னையில் 2.8. (சித்திரை முதல் நாளில் அளந்தால் முக்கால் விரல்கூட இராது, சூரியன் அதற்குள் வடக்கே ஏறிவிடும்.) நிழலின் நுனி கூர்மையாக விழாமல் மங்கித் தேயும். அங்கே விரலில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே ஐம்பது கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போய்விடுவோம். அந்தத் தவறால் சூரிய உதயம் ஒரு நிமிடம்கூட மாறாது. பஞ்சாங்கத்துக்கு அது தாராளம்.

ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டனுக்கு அது போதாது. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டை என்பது அவர் கேள்வி. பூமத்திய ரேகையருகே ஒரு பாகையின் நீளத்துக்கும் துருவத்தருகே உள்ள நீளத்துக்கும் வித்தியாசம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். 1802 ஏப்ரலில் பரங்கிமலையருகே தொடங்கி, பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். முடிக்க 57 நாள். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கரையோரம் நகர்ந்தார். சங்கிலி தந்தது நீளம் மட்டுமே. பாகைக்கு அவரும் வானத்தைத்தான் பார்த்தார்: கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்திலும் சென்னைக்கு வடக்கிலும் உச்சிவான நட்சத்திரங்களைக் குறித்தார். ஒரு விகலை (கோண நொடி) பிசகினால் தரையில் நூறடி பிசகும்.

கிடைத்த விடை, பாகைக்கு 60,494 பாகம். பாகம் என்பது இங்கே ஆறடி கொண்ட கடலளவு; கிலோமீட்டரில் 110.6. அந்த நீளத்தை எந்த அட்சத்துக்கு உரியதென்று அவர் எழுதினார் தெரியுமா? 12 பாகை 32 கலை. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிப் போகும் கோடு.