இரண்டு ‘கோனசோல்’: ஓசூர் ரோஜாத் தோட்டத்தில் தொடங்கும் ஒரு பூஞ்சை வரலாறு

1/ போன மழைக்காலத்துல ஒரு ரோஜா விவசாயி கிளினிக்குக்கு வந்தார். தொடையிலும் இடுப்பிலும் படர்தாமரை. நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை வாங்கிட்டு வந்தவர், சட்டைப் பையிலிருந்து இன்னொன்னையும் எடுத்து மேசை மேல வச்சார். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தோட லேபிள்.

“சார், இதுல ஹெக்சகோனசோல்னு இருக்கு. நீங்க கொடுத்ததுல இட்ராகோனசோல்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?”

2/ எம்பிபிஎஸ் படிச்சப்ப இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்ல. “ஒண்ணு இல்லண்ணா, ஆனா சொந்தக்காரங்க”ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது பாதி பதில்தான். மீதி பதிலுக்கு ஏறக்குறைய 200 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/ முதல்ல நம்ம ஊர். ஓசூர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு சிப்காட், லாரி, கைக்கடிகாரம், பைக் தான் ஞாபகம் வரும். ஆனா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. அந்தக் குளிர்ச்சிதான் பாகலூர், பேரிகை, தளி பக்கமெல்லாம் ரோஜாவைக் கொண்டு வந்தது. பிப்ரவரி 14-க்கு விமானம் ஏறும் ‘தாஜ்மஹால்’ சிவப்பு ரோஜா இங்கிருந்து போவதுதான்.

4/ ஆனா ரோஜாவுக்குப் பிடிச்ச அதே குளிர்ச்சி பூஞ்சைக்கும் பிடிக்கும். மழை விடாம நாலு நாள் பிடிச்சா பொட்ரைட்டிஸ் என்கிற சாம்பல் பூஞ்சை வந்துரும். 15 முதல் 20 டிகிரி வெப்பம், இதழ் மேல சில மணி நேரம் காயாத ஈரம். இது போதும். முதல்ல இதழில் ஊசிமுனை அளவு புள்ளி. பறிக்கும்போது கண்ணுக்கே தெரியாது. பெட்டிக்குள்ள அடைச்சு, குளிர் அறையில வச்சுத் திறந்தா, மொட்டு முழுக்க சாம்பல் நிறப் பஞ்சு.

5/ திராட்சை, ஸ்ட்ராபெரி, தக்காளி, கஞ்சாச் செடி, ரோஜா என்று இந்தப் பூஞ்சைக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது. நெருக்கமான மொட்டு, உள்ளே தங்கிய ஈரம், காத்தோட்டம் இல்லாத இடம். இது மூணும் இருந்தா அதுக்கு வீடு ரெடி. “நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு சார்”னு விவசாயி சொல்வது பொய்யில்ல. நேத்தே அது உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

6/ சரி, பூஞ்சைதான் நோயை உண்டாக்குதுன்னு மனுஷனுக்கு எப்பத் தெரிஞ்சுது? இங்கேதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தோட இன்னொரு தொழில் உள்ளே வருது. பட்டு. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மல்பெரி இல்லாத கிராமம் குறைவு. பட்டுப்புழு வளர்க்கிறவங்களுக்கு மழை, குளிர் காலத்துல ஒரு பயம் உண்டு: சுண்ணாம்புக் கட்டி நோய். புழு செத்து, விறைச்சு, மேல வெள்ளைப் பொடி பூத்து, சுண்ணாம்புத் துண்டு மாதிரி ஆகிடும்.

7/ இதே நோய் 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இத்தாலியின் பட்டு விவசாயிகளையும் அழ வச்சது. அவங்க வச்ச பேர்களில் ஒண்ணுக்கும் சுண்ணாம்புன்னுதான் அர்த்தம்! மிலான் அருகே லோடி பகுதியைச் சேர்ந்த அகோஸ்டினோ பாஸி என்பவர் இதை ஆராயத் தொடங்கினார். சட்டம் படிச்சவர். பார்வை வேற மங்கிக்கிட்டே வந்தது. ஏறக்குறைய 25 வருஷம் விடாம பார்த்தார்.

8/ அப்போதைய நம்பிக்கை என்னன்னா, கெட்ட காத்து, கெட்ட இலை, கெட்ட நேரம், இதனால புழு தானா நோயாகுதுன்னு. பாஸி 1835-ல் எழுதி வெளியிட்டார்: இல்லை, செத்த புழு மேல இருக்கிற அந்த வெள்ளைப் பொடி உயிருள்ள பூஞ்சை, அது தொட்டால் ஒட்டும், ஒரு புழுவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். நோயுற்ற புழுவைப் பிரி, தட்டைக் கழுவு, கிருமிநீக்கம் செய் என்றார்.

9/ இந்த வருஷத்தைக் குறிச்சுக்கோங்க. 1835. பாஸ்டர் பட்டுப்புழு ஆராய்ச்சியைத் தொடங்கியது 1865. காக் ஆந்த்ராக்ஸ் கிருமியை நிரூபித்தது 1876. ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்குக்கு நோய் தரும் என்ற முதல் நிரூபணம் கிடைச்சது மனுஷ உடம்பிலிருந்து இல்லை, பட்டுப்புழுவிலிருந்து. அதுவும் பாக்டீரியா இல்லை, பூஞ்சை. நாங்க இன்னைக்குக் கை கழுவச் சொல்றதோட வேர் அந்தப் புழுத் தட்டில் இருக்கு.

10/ அந்தப் பூஞ்சைக்குப் பின்னாளில் பாஸி பெயரையே வச்சாங்க: பியூவேரியா பாசியானா. “அட, இது உரக்கடையில கிடைக்குமே”ன்னு விவசாயிகள் சொல்வீங்க. ஆமா, அதேதான். பூச்சிகளைக் கொல்லும் உயிரியல் மருந்தா இப்ப விற்கிறாங்க. நல்ல மருந்துதான். ஆனா பக்கத்துல மல்பெரியோ புழு வளர்ப்பு மனையோ இருந்தா அடிச்சிராதீங்க. ரோஜாவும் பட்டும் அடுத்தடுத்து இருக்கிற நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம்.

11/ அடுத்தது 1845. அயர்லாந்து. ஈரமான கோடையில் உருளைக்கிழங்குச் செடி கறுத்து அழுகியது. அடுத்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தாங்க, இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனாங்க. “ஈரம் அதிகம், அதான் அழுகுது, பூஞ்சை அப்புறம் வந்து உட்காருது” என்றார்கள் பலர். பெர்க்லி என்ற பாதிரியார் 1846-லேயே பூஞ்சைதான் காரணம் என்றார். 1861-ல் டி பாரி என்ற ஜெர்மானியர் அதை நிரூபித்தார். (இன்றைய வகைப்பாட்டில் அது அசல் பூஞ்சை இல்லை, பூஞ்சை போன்ற ஓர் உயிர்.)

12/ அது வெள்ளைக்காரங்க கதைன்னு நினைக்காதீங்க. 1869-ல் இலங்கையின் காபித் தோட்டங்களில் இலைத் துரு நோய் வந்தது. அங்கே வேலை செய்தது யார்? நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியா நடந்தே போன கூலித் தொழிலாளர்கள். மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளரை 1880-ல் அனுப்பினாங்க. மலை மலையா ஒரே பயிரை இடைவெளியே இல்லாம நட்டால், காத்துல பறக்கிற பூஞ்சை வித்துக்குத் தடையே இருக்காது என்பதை அவர் எடுத்துச் சொன்னார்.

13/ காபி போச்சு. தேயிலை வந்தது. காபிக்கு ஆள் தேவைப்படுவது பெரும்பாலும் பறிக்கும் பருவத்துல. தேயிலைக்கு வருஷம் முழுக்க. அதனால பருவத்துக்குப் போய் ஊர் திரும்பியவங்க, குடும்பத்தோட லயன் அறைகளில் தங்கிட்டாங்க. அவங்க பேரப்பிள்ளைகள்தான் 1948-ல் இலங்கைக் குடியுரிமை இல்லாம நின்ற மலையகத் தமிழர்கள். ஒரு இலையின் பின்பக்கத்துல இருந்த மஞ்சள் பொடிக்கு இதில் எவ்வளவு பங்கு, பாருங்க.

14/ மருந்து எப்ப வந்தது? பிரான்ஸில், போர்டோ பக்கத்துல. 1882-ல் பேராசிரியர் மில்லார்டே திராட்சைத் தோட்டம் வழியா நடந்து போறார். உள்ளே இருக்கிற கொடியெல்லாம் நோயில் இலை உதிர்ந்து நிக்குது. பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையா இருக்கு. காரணம்? வழியில போறவன் பழத்தைத் திருடக்கூடாதுன்னு, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிச்சு நீலமா ஆக்கி வச்சிருந்தாங்க. திருடனுக்கு வச்சது பூஞ்சையைப் பிடிச்சது! 1885-ல் செய்முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை.

15/ அது எல்லை தாண்டி நம்ம பக்கத்து வீட்டுக்கும் வந்தது. மைசூர் சமஸ்தானத்துக்கு 1908-ல் வந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன், மலநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் மழைக்கால ‘கொளெ ரோக’ அழுகலுக்கு போர்டோ கலவையைப் பரிந்துரைத்தார். அதுவரை விவசாயிகள் மழைக்கு முன் ஒவ்வொரு குலைக்கும் தொப்பி மாதிரி மூடி கட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தொப்பியைக் குறைச்சு நினைக்காதீங்க. “இதழ் நனையாம பார்த்துக்கோ” என்பதுதான் இன்னைக்கு பாலிஹவுஸ் செய்றதும்.

16/ இப்ப மனுஷங்களுக்கு வருவோம். செடிக்கு 1885-ல் மருந்து கிடைச்சிருச்சு. நமக்கு? பல பத்தாண்டுகள் கழிச்சு, 1950-ல்தான் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் நிஸ்டாட்டினைக் கண்டுபிடிச்சாங்க. ஒருவர் நியூயார்க்கில், ஒருவர் ஆல்பனியில். மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பி ஆராய்ந்தாங்க. குழந்தை வாயில் வரும் வெள்ளைப் படலத்துக்கு இன்னைக்கும் அந்த மருந்து பயன்படுது. 1966 வெள்ளத்தில் நனைந்த ஃப்ளோரன்ஸ் ஓவியங்களின் பூஞ்சைக்கும் அதைத்தான் போட்டாங்க.

17/ அப்புறம் வந்தது ‘கோனசோல்’ குடும்பம், அதாவது அசோல் மருந்துகள். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு தேவை. அதைத் தயாரிக்கும் ஒரு என்சைமை இவை முடக்கும். 1970-களிலிருந்து வயலுக்கு ஒரு கிளை, மருத்துவமனைக்கு ஒரு கிளை என்று குடும்பம் பிரிந்து வளர்ந்தது. வயலில் ஹெக்சகோனசோல், டெபுகோனசோல், ப்ரோபிகோனசோல். மருத்துவமனையில் ஃப்ளுகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல். சாவி வேற வேற. பூட்டு ஒண்ணுதான்.

18/ இதுதான் அந்த அண்ணன் கேள்விக்கு மீதி பதில். ஒரு பூஞ்சை வயலில் இந்தப் பூட்டை மாத்திக்கிட்டா, மருத்துவமனைச் சாவியும் திறக்காது. மண்ணிலும் குப்பையிலும் வாழும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் அப்படித்தான் மாத்திக்கிச்சு. நெதர்லாந்தில், அசோல் மருந்தையே தொடாத நோயாளிகளிடமும் மருந்துக்கு அடங்காத ஆஸ்பர்ஜில்லஸ் கிடைச்சது. மருந்து சாப்பிடாதவருக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? சந்தேகம் வயல்களின் மேலயும், அவங்க நாட்டுப் பெருமையான பூச்செடிக் கழிவுகளின் மேலயும் விழுந்தது.

19/ “அது துலிப் ஊரு”ன்னு விட முடியாது. 2012-ல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், இந்திய மண் மாதிரிகளிலேயே அதே மரபணு மாற்றத்தோட ஆஸ்பர்ஜில்லஸ் இருப்பதைக் காட்டினாங்க. ஆரோக்கியமானவங்க இதைச் சுவாசிச்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பழைய காசநோய்த் தழும்பு உள்ள நுரையீரல், கீமோதெரபி எடுப்பவர், ஸ்டீராய்டு நிறைய எடுப்பவர், இவங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

20/ 2021 மே மாசத்தை மறந்திருக்க மாட்டீங்க. கருப்புப் பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் ஊசி தேடி ஊர் ஊரா அலைஞ்சோம். தீவிரப் பூஞ்சைத் தொற்றுக்கு முக்கியமா மூணே மூணு மருந்து வகைகளைத்தான் நம்பி இருக்கோம். அதில் மாத்திரையா வீட்டுக்கே கொடுத்து அனுப்ப முடிவது பெரும்பாலும் அசோல் மட்டும்தான். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையா 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. முதல் வரிசையில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் இருக்கு.

21/ அப்போ விவசாயிதான் குற்றவாளியா? இல்லவே இல்ல. வங்கிக் கடன்ல போட்ட பாலிஹவுஸ்ல, பிப்ரவரி ஆர்டருக்கு முன்னாடி மொட்டு அழுகினா அவர் என்ன செய்வார்? குற்றப் பட்டியல் போடணும்னா எங்க தொழிலையும் சேர்க்கணும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்டுப் போட்டு, டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை இந்தியாவில் பரவினது எந்த வயலிலும் இல்லை. மருந்துக் கடையிலும், எங்க கிளினிக்குகளிலும்தான்.

22/ அதனால ரெண்டு பக்கமும் வேலை இருக்கு. தோட்டத்துல: உதிர்ந்த இதழ், அழுகின மொட்டு அன்னன்னைக்கே வெளியேறணும். செடிக்கு நடுவே காத்து போகணும். தண்ணி வேருக்குப் போகணும், பூ மேல வேணாம். இருட்டும் முன் இலை காயணும். மழை முடிஞ்சதும் பக்கவாட்டுத் திரையைத் திறந்து ஈரத்தை வெளியேத்தணும். இதெல்லாம் செஞ்ச பிறகு மருந்து. ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காம, தோட்டக்கலைத் துறை அலுவலரைக் கேட்டு வகை மாத்தி அடிங்க. கடைக்காரர் சொன்ன அளவுக்கு மேல ஒரு மூடி சேர்க்கிற பழக்கம் வேணாம்.

23/ உடம்புக்கு: மருந்து அடிக்கும்போது கையுறை, முகக்கவசம், கண்ணாடி. ரோஜா முள் குத்தின இடத்துல ஆறாத கட்டி வந்து, அது கை வழியா வரிசையா மேல ஏறினா, அதுவும் ஒரு பூஞ்சை நோயா இருக்கலாம், காட்டுங்க. கண்ணில் இலையோ முள்ளோ பட்டா, கடையில ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீங்க. கருவிழியில் பூஞ்சை இருந்தா அது பார்வையையே கொண்டு போகும். படர்தாமரை மாத்திரையை அரிப்பு நின்ன அன்னைக்கே நிறுத்தாதீங்க. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க.

24/ அந்த அண்ணன் மறுபடி வந்தார். படர்தாமரை அடங்கிருச்சு. முழுக் கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “அப்போ நான் தோட்டத்துல வீணாக்குறது உங்க மருந்தையும் சேர்த்துத்தானா சார்?”ன்னு கேட்டார்.

ஆமாண்ணா. நாங்க கிளினிக்ல வீணாக்குறது உங்க மருந்தையும் சேர்த்துத்தான்.

25/ வீட்டுல ரோஜாத் தோட்டமோ, மல்பெரியோ, படர்தாமரையோ இருக்கிறவங்களுக்கு அனுப்பி வைங்க. மழை தொடங்கப் போகுது.