யாழுக்கு மயங்காத யானை

விஞ்ஞானப் புனைகதை என்றதும் அதை மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. போர் இயந்திரங்களைப் பொறுத்தவரை அது சரியன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரையின் கோட்டை மதிலைச் சற்று நின்று பாருங்கள், நேயர்களே. தானே வளைந்து அம்பு எய்யும் வில். குரங்கு வடிவில் இருந்து, கிட்டியவரைக் கடிக்கும் பொறி. பன்றி வடிவில் இன்னொன்று. அடியார்க்குநல்லார் இவற்றுக்கு நின்று நிதானித்து உரை எழுதுகிறார்.

உதயணன் கதையில் வருவது இன்னும் நுட்பமானது. மதயானையையும் யாழிசையால் பணிய வைப்பவன் உதயணன். அவனைச் சிறைபிடிக்க உச்சயினி மன்னன் பிரச்சோதனன் அனுப்புவது பொய் யானை. அதன் வயிற்றுக்குள் வீரர்கள். கிரேக்கரின் மரக்குதிரை பலருக்கு நினைவு வரும். ஆனால் இங்கே பொறியில் சிக்குபவன் இசைவல்லவன். அவன் யாழுக்கு மயங்க அந்த யானையிடம் உயிர் இல்லை. சீவகசிந்தாமணியின் மயிற்பொறியோ கொல்ல வந்ததன்று. கட்டியங்காரனின் சூழ்ச்சியிலிருந்து நிறைமாத விசயையைச் சுமந்து பறந்தது.

இவை யாவும் ஏவியவன் எண்ணத்தையே செய்தன. ஏவலை மறுக்கும் இயந்திரத்துக்கு உலகம் வழங்கும் பெயர், செக் நாட்டுக் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து வந்தது. 'ரோபோ' என்பதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்று பொருள். அந்த நாடகத்திலும் அரசுகள் அவற்றைப் படைவீரராக்குகின்றன. பிறகு அவை மனிதர்மீதே திரும்புகின்றன.

தமிழில் மறுக்கக் கற்றது ஒரு நாய். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா', 2020களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். கணவனைத் தேடிப் புறப்படும் இளம் பெண் நிலாவுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். சர்வாதிகாரி ஜீவாவோ கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம். ஜீனோ ஆயுதம் ஏந்துவதில்லை; புத்தகம் வாசிக்கிறது, வாசித்து வாசித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. ராடார் முதலிய இராணுவத் தளபாடங்கள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவரின் கற்பனை இது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அத்தொடர் வந்த காலத்தில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் 1983 யூலையின் கரி இன்னும் ஆறவில்லை. பிற்பாடு நூலாக அதைக் கையில் எடுத்த இளைஞருக்குச் சட்டைப்பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. குடிமகனின் பெயரையே அளந்து கொடுக்கும் அரசு அவர்களுக்கு எதிர்கால விந்தையாகத் தோன்றியிராது. சென்னை வாசகர் விளையாட்டாக வாசித்த பக்கங்களைக் கொழும்பில் வேறு விதமாகத்தான் வாசித்திருக்க முடியும். இந்த வேறுபாட்டை எமது விமர்சகர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

சுஜாதா 2008இல் காலமானார். அவர் கற்பனை செய்த 2020களும் வந்துவிட்டன. 2025 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், புனே நகரில் நடந்த இந்திய இராணுவ தின அணிவகுப்பில் நாலுகால் இயந்திரங்கள் வரிசையாக நடந்து வந்தன. கரடுமுரடான நிலத்தில் சுமை தூக்கவும் வேவு பார்க்கவும் அவை பயன்படுமாம். பத்திரிகைகள் அவற்றை இயந்திர நாய்கள் என்றன. படத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது ஜீனோ அன்று. உச்சயினியின் பொய் யானை.