அச்சுப்பொறி இயக்கியும் தமிழ்க் குறியேற்றச் சிதறலும்

தமிழ்க் கணிமை வரலாறு பெரும்பாலும் குறியேற்றங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அச்சுப்பொறி இயக்கியின் பங்கும் அதில் இடம்பெற வேண்டும்.

டாஸ் காலத்தில் எப்சனின் எஸ்கேப் கட்டளைகளும், 1984இல் லேசர்ஜெட்டுடன் வந்த எச்.பி.யின் பி.சி.எல். மொழியும் பொறியினுள் பதிந்திருந்த இலத்தீன் எழுத்துருக்களையே முதன்மையாகக் கொண்டன. தமிழைப் புள்ளிப்படமாகவோ தரவிறக்க எழுத்துருவாகவோ அனுப்ப, ஒவ்வொரு மென்பொருளும் பொறிக்கேற்ற தனி இயக்கியைச் சுமந்தது.

1992இல் விண்டோஸ் 3.1 ட்ரூடைப் எழுத்துருக்களை ஏற்றபின், எழுத்தை அச்சேற்றும் பொறுப்பு இயங்குதளத்தின் பொது இயக்கியைச் சேர்ந்தது. எக்குறியெண்ணில் எவ்வெழுத்து இருப்பினும் தாளில் தமிழே பதிந்ததால், எழுத்துரு நிறுவனங்கள் தத்தம் குறியேற்றங்களைத் தொடர்ந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் தரங்கள் இச்சிதறலுக்கான விடையே.

ஆகவே, அச்சில் கிட்டிய ஒற்றுமையே கோப்பில் வேற்றுமையை நீடிக்கச் செய்தது. அக்காலக் கோப்புகளைக் காப்போர் அவற்றின் எழுத்துருக்களையும் உடன் காத்தல் வேண்டும்.