டிரேடில் ஜெயித்தவர், டிரேடை மறுத்தவர்

பேஸ்பால் எபிசோடான்னு பார்த்ததும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. கிரிக்கெட் தெரிஞ்சா போதும், மீதியை நான் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

ஐபிஎல் டிரேட் செய்தி வந்தால் நாம எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: இதுல யாருக்கு லாபம்? அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் இதை நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டீம் மாறியதும் வெளுத்து வாங்கியவர் யார் என்று அங்கே கேட்டால் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று லூ பிராக்.

1964 ஜூன் 15. சிகாகோ கப்ஸ் அணி பிராக்கை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. அதற்கு மூன்று நாள் கழித்து அவருக்கு 25 வயது. பதிலுக்கு கப்ஸ் வாங்கியதில் முக்கியமானவர் எர்னி பிரோலியோ என்ற பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர். முந்தைய சீசனில் 18 மேட்ச் ஜெயித்துக் கொடுத்தவர். இரண்டு பக்கமும் இன்னும் சிலர் கைமாறினார்கள், அதை விடுங்க. அன்றைக்கு எல்லாரும் சொன்னது, கப்ஸ் அடிச்சுட்டாங்கப்பா லாட்டரி என்றுதான். கார்டினல்ஸ் வீரர்களுக்கே இந்த டிரேட் பிடிக்கவில்லை.

பிராக் அதுவரை கப்ஸில் அந்த வருஷம் 52 மேட்ச் ஆடி 0.251 சராசரி. நான்கு முறை பேட் பிடித்தால் ஒரு ஹிட், சுமார். செயின்ட் லூயிஸ் போனதும் மிச்சமிருந்த 103 மேட்ச்சில் 0.348, கூடவே 33 ஸ்டீல். ஸ்டீல் என்றால், பிட்ச்சர் பந்தை விடுகிற அந்த நொடியில் ஓடிப்போய் அடுத்த பேஸைத் திருடுவது. 90 அடி தூரம், பந்து உங்களுக்கு முன்னாடி அங்கே போய்ச் சேர்ந்தால் அவுட்.

ஒரே ஆள், ஒரே வருஷம், ஒரே லீக். அப்போ என்னதான் மாறியது?

இங்கே எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் எட்டிப் பார்க்கிறான். கோடு அதேதான், ரன் ஆகிற சர்வர்தான் வேற. 1961, 62ல் கப்ஸுக்கு மேனேஜர் என்று ஒருத்தரே கிடையாது. உரிமையாளர் பிலிப் ரிக்லி, சூயிங்கம் கம்பெனிக்காரர். ஒரு மேனேஜருக்குப் பதில் கோச்சுகள் மாறி மாறித் தலைமை தாங்கட்டும் என்று முடிவு பண்ணினார். 'கோச்சுகள் கல்லூரி' என்றே அதற்குப் பெயர். பிராக் முதல் முழு சீசன் ஆடியது அந்தக் கல்லூரியில்தான். நாலு மேனேஜருக்கு ரிப்போர்ட் பண்ணியவங்களுக்கு அந்த வலி தெரியும். 1962ல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ரொம்ப அரிதான தூரத்துக்கு ஒரு ஹோம் ரன் வேறு அடித்துவிட்டார். ஆக, இவர் பவர் ஹிட்டரா, ஓடுகிற ஆளா என்று யாருக்கும் தெளிவில்லை. ஃபீல்டிங்கில் நிறுத்தியது ரைட் ஃபீல்டில். கப்ஸ் மைதானத்தில் 1988 வரை ஃப்ளட்லைட்டே கிடையாது, எல்லா ஹோம் மேட்ச்சும் பகலில். ரைட் ஃபீல்டரின் கண்ணில் நேரே வெயில்.

செயின்ட் லூயிஸில் மேனேஜர் ஜானி கீன் இரண்டே காரியம் செய்தார். அவரை லெஃப்ட் ஃபீல்டுக்கு மாற்றினார். தோன்றும்போது ஓட அனுமதி கொடுத்தார். மீதியை பிராக் பார்த்துக்கொண்டார். எதிரணி பிட்ச்சர்களை 8 எம்எம் கேமராவில் படம் பிடித்து, கை எப்போது அசைகிறது என்று படித்தவர் அவர். டேட்டா அனலிடிக்ஸ் என்று நாம பெயர் வைப்பதற்கு ரொம்ப முன்னாடி. 1979ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 3,023 ஹிட், 938 ஸ்டீல்.

1964ல் கார்டினல்ஸ் ஒரே ஒரு மேட்ச் வித்தியாசத்தில் லீகை ஜெயித்து, உலகத் தொடரில் யாங்கீஸையும் சாய்த்தது. வேடிக்கை என்னன்னா, இந்த டிரேடை முடித்த ஜெனரல் மேனேஜர் பிங் டிவைனை உரிமையாளர் ஆகஸ்டிலேயே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். பிரோலியோவுக்கோ அந்த நவம்பரில் முழங்கை அறுவை சிகிச்சை. கப்ஸில் மூன்று சீசனில் 7 வெற்றி, 19 தோல்வி, அதோடு சரி. டிரேடில் ஜொலித்தவர்கள் கதையைச் சொல்லும்போது பிரோலியோக்களை நாம எண்ணுவதே இல்லை. சிகாகோவில் அவர் பெயர் இன்னைக்கும் மோசமான டிரேடுக்கு ஒரு பழமொழி மாதிரி. அந்த டிரேடை அவரா கேட்டார்?

இந்த இடத்தில்தான் எனக்கு எபிசோடே தொடங்குகிறது. பிராக்கிடமும் யாரும் கேட்கவில்லை. அன்றைய ஒப்பந்தங்களில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான், ஆனால் அதை நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு. நீட்டித்ததை மறுபடி நீட்டிக்கலாம். கிளப் விற்றால் போக வேண்டும். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும்.

என் கதை ஒண்ணு. முதல் வேலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை காலண்டர் இன்வைட் வந்தது, திங்கள்கிழமையிலிருந்து வேற டீம் என்று. போனேன், நல்லாத்தான் பண்ணினேன். பழைய மேனேஜர் பின்னாடி பார்த்தபோது, "பாத்தியா, உன் நல்லதுக்குத்தான் மாத்தினேன்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லா நடந்துவிட்டால் கேட்காமல் செய்தது சரியாகிவிடுமா?

பிராக்குக்குப் பக்கத்திலேயே, சென்டர் ஃபீல்டில் ஆறு சீசன் நின்றவர் கர்ட் ஃபிளட். அவரும் டிரேடில் வந்தவர்தான். 1957 டிசம்பரில், 19 வயதில், சின்சினாட்டி அவரை அனுப்பிவைத்தது. வாங்கியவர் அதே பிங் டிவைன். செயின்ட் லூயிஸில் ஃபிளட் 12 சீசன் ஆடினார், 1963 முதல் 69 வரை தொடர்ந்து ஏழு கோல்ட் கிளவ் விருது. டிரேடுக்குப் பிறகு செழித்தவர் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம்.

1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் ஆகிவிட்டதாக அவருக்குத் தகவல் வந்தது. அனுப்பியது, திரும்ப வேலைக்கு வந்திருந்த அதே டிவைன். இந்த முறை ஃபிளட் போகவில்லை. டிசம்பர் 24 அன்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் சொத்து இல்லை, மற்ற அணிகளிடமும் பேச எனக்கு உரிமை வேண்டும் என்பதுதான் சாரம். அவர் ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர், அந்தக் காலத்தில் பெரிய பணம். இவ்வளவு வாங்குகிறவருக்கு என்ன குறை என்று கேட்டவர்கள் நிறைய. ஒரு கறுப்பின வீரர், தெற்கு மாகாணங்களின் மைனர் லீக்குகளில் வெள்ளை வீரர்களோடு ஒரே ஹோட்டலில் தங்க முடியாமல் ஆடி வந்தவர், 'வாங்கி விற்பது' என்ற சொல்லைச் சும்மா போடவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை. நண்பர்களும்தான். 1972 ஜூனில் 5க்கு 3 என்று தோற்றார். 1970 சீசன் முழுக்க ஆடவில்லை, 1971ல் வாஷிங்டனுக்காக 13 மேட்ச், அவ்வளவுதான் கேரியர்.

ஆனால் அடுத்த வருஷமே சங்கம் பேசி ஒரு விதி வாங்கியது. பத்து வருஷம் ஆடி, கடைசி ஐந்தும் ஒரே அணியில் என்றால், அந்த வீரர் டிரேடை மறுக்கலாம். 1969ல் இருந்திருந்தால் ஃபிளட்டுக்கு அப்படியே பொருந்தியிருக்கும். 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பு ரிசர்வ் கிளாஸையே உடைத்தது.

அந்த விதியை முதலில் பயன்படுத்தியவர் ரான் சாண்டோ. பிராக்கை அனுப்பிய அதே கப்ஸ் அணியில் அப்போது மூன்றாவது பேஸில் நின்றவர். 1973 டிசம்பரில் கப்ஸ் அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பப் பார்த்தபோது, முடியாது என்றார். பிறகு அதே சிகாகோவில் இருக்கும் வைட் சாக்ஸுக்குப் போகச் சம்மதித்தார். 1974ல் அங்கே அவர் சராசரி 0.221, ஐந்து ஹோம் ரன். அந்த சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார்.