பிசைந்து உண்ணும் கை: பக்கவாத மறுவாழ்வில் ரோபோவின் இடம்

பக்கவாதம் வந்து சில மாதங்கள் கழிந்த கைக்கு மடக்குவதைவிட விரிப்பதுதான் கடினம். கட்டைவிரல் உள்ளே போய்விட, மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் இறுகிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகும். நோயாளி எழுந்து நாலடி நடந்ததும் வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள், கையை மறந்துவிடுகிறார்கள். இராஜபாளையம் வட்டாரத்தில் இந்த மறதிக்கு விலை அதிகம். நூற்பாலையில் அறுந்த இழையைப் பிணைப்பதும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளைக் கவனிப்பதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதும் கையை நம்பிய பிழைப்புகள்.

கைக்கு ரோபோப் பயிற்சி பயன் தருமா என்று கேட்டால் 2019இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். 770 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எம்ஐடி-மேனஸ் கருவியில் வாரம் மூன்று முறை, 45 நிமிடம், 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுடைய கையின் செயல்திறன் மேம்படவில்லை. தசை இயக்கத்தில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அது அன்றாட வேலைகளில் தெரியவில்லை. இந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பீட்டுக்கு அங்கே வைக்கப்பட்டது அந்நாட்டின் பொது மருத்துவச் சேவை தரும் சிகிச்சை. மருத்துவமனையை விட்டு வீடு திரும்பியபின் பயிற்சியே நின்றுபோகும் ஊருக்கு அதே முடிவை அப்படியே பொருத்துவது சரியாகாது.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதுரையில் ரோபோப் பயிற்சிக் கூடம் ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். இராஜபாளையத்திலிருந்து போய்வர ஏறக்குறைய 170 கிலோமீட்டர். 36 அமர்வுகளுக்கு 6,120 கிலோமீட்டர். கூடவே துணைக்கு வருபவரின் 36 நாள் கூலி. பெரிய கருவியைப் பெருநகரில் வைத்துவிட்டு நோயாளியை வரச்சொல்லும் ஏற்பாடு இங்கே எடுபடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' வேறு வழியைக் காட்டுகிறது. மேசைமேல் வைக்கக்கூடிய பெட்டி. உள்ளே ஒரே மோட்டார். அதில் பிடிகளை மாற்றி மாற்றிச் செருகினால் மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தலாம், பக்கவாட்டில் அசைக்கலாம், முன்கையைத் திருப்பலாம், விரல்களை விரித்து மூடலாம். திரையில் ஓடும் விளையாட்டை நகர்த்துவது நோயாளியின் கை. கை தடுமாறும் அளவுக்கு மட்டும் மோட்டார் உதவலாம். இந்த அளவுதான் உயிர்நாடி. முழு வேலையையும் இயந்திரமே செய்தால் மூளை முயற்சியை விட்டுவிடும். 1966இல், சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றிய மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம் கண்ட ஊரிலிருந்து இப்படியொரு சிக்கனமான கருவி வந்திருப்பது எனக்குப் பெருமையே.

இயந்திரம் எதற்கு, வீட்டாருக்கே கற்றுக்கொடுத்தால் போதாதா? நியாயமான கேள்விதான். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அதைச் செய்து பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள்: ஆறு மாதத்துக்குப் பிறகு வேறுபாடு இல்லை. என் கணிப்பில், சமைத்து, குளிப்பாட்டி, வேலைக்கும் போய்வரும் மனைவியால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை கணவரின் விரலை விரிக்கவைக்க முடியாது. சலிக்காமல் எண்ணுவது இயந்திரத்தால் ஆகும். அந்தப் பயிற்சியைச் சட்டைப் பொத்தானுக்கும் சொம்புக்கும் கொண்டுசேர்ப்பது மனிதர் வேலை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையிலுள்ள வெற்று நாட்களை நிரப்ப, வட்ட மருத்துவமனை இத்தகைய கருவிகளைச் சில வாரங்களுக்கு இரவல் தரவேண்டும் என்பதே என் வாதம்.

பலனை அளக்கும் முறையிலும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரிட்டன் ஆய்வு பயன்படுத்திய அளவுகோலில் 19 செயல்கள், 57 மதிப்பெண். மரக்கட்டையை எடுப்பது, கோலிக்குண்டைப் பிடிப்பது, தம்ளரிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அதில் உண்டு. சோற்றைப் பிசைந்து, விரல்நுனியில் திரட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது இல்லை. வலக்கை விழுந்தவர் முதலில் தவிர்ப்பது கல்யாணப் பந்தியை. பத்துப்பேர் நடுவே இடக்கையால் சாப்பிடக் கூசி, 'வயிறு சரியில்லை' என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். இலையில் விழும் முதல் கவளத்துக்கும் ஒரு மதிப்பெண் வேண்டும்.